சென்னையில் தமிழில் ஓர் அறிவியல் கூட்டம் நடத்த: முழுமையான வழிகாட்டி

ஐம்பதிலிருந்து நூறு பேர் வரை வரக்கூடிய, நுழைவுக் கட்டணம் இல்லாத, தமிழில் நடக்கும் ஒரு மாலைக் கூட்டத்துக்கான வழிகாட்டி இது. பெரிய மாநாட்டுக்கு உதவாது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் உதவாது.

புதிதாக நடத்த வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் அரங்கத்தைப் பிடிப்பார்கள். அப்புறம் போஸ்டர். அப்புறம் பேச்சாளர். யார் வரப்போகிறார்கள், அவர்கள் மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதைக் கூட்டத்தன்று மேடையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதுதான் யோசிப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் வேலை பாதியாகிவிடும். கீழே இருக்கும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஆறு வாரம் கையில் இருக்கட்டும். நான்கு வாரத்தில் முடித்தும் இருக்கிறோம், ஆனால் அந்த மாதம் வீட்டில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

1. முன்னேற்பாடு: நான்கு கூட்டங்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள்

சென்னையில் அறிவியல் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் நகரத்தின் தெற்கில் குவிந்துகிடக்கின்றன. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், கொஞ்ச தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். இந்தப் பக்கம் ஐ.ஐ.டி., அந்தப் பக்கம் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், இன்னும் தெற்கே போனால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர் மாலை ஆறு மணிக்குத் தரமணி போய்த் திரும்புவது லேசான காரியமல்ல. நீங்கள் வடசென்னைக்காரர் என்றால் உங்கள் கூட்டத்துக்குத் தேவை இன்னும் அதிகம்.

அறிவிப்பைப் படிக்கும்போது ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். ‘செமினார்’ என்று போட்டிருந்தால் அந்தத் துறையிலேயே வேலை செய்பவர்களுக்கானது. ‘கலோக்கியம்’ என்றால் விஞ்ஞானிகளுக்குத்தான், ஆனால் வேறு துறைக்காரர்களுக்கும் புரியும்படி இருக்கும். ‘பொது உரை’ என்றால்தான் நமக்கு. ஆர்வத்தில் செமினாருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, ‘அறிவியல் நமக்கு வராது’ என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணித அறிவியல் நிறுவனம் 2016-இல் மியூசிக் அகாடமியில் தொடங்கிய ‘சயின்ஸ் அட் த சபா’ ஆங்கில நிகழ்ச்சிதான். இருந்தாலும் ஒரே மாலையில் பல உரைகளை அலுக்காமல் எப்படி அடுக்குகிறார்கள் என்று பார்க்க நல்ல இடம். தமிழில் எப்படிப் பேசுவது என்று பார்க்க, 1980 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கூட்டம் ஒன்றுக்குப் போங்கள்.

போனால் பேச்சாளரைப் பார்க்காதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பாருங்கள். எந்த ஸ்லைடு வரும்போது கைகள் செல்போனுக்குப் போகின்றன, எங்கே எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நான்கு கூட்டக் குறிப்புகள் சேர்ந்தால் பேச்சாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

2. யாருக்காக என்று எழுதி வையுங்கள்

‘அனைவருக்கும்’ என்று எழுதினால் யாருக்குமில்லை என்றுதான் ஆகும். நம் ஊர்த் தமிழ்க் கூட்டத்துக்கு வருகிறவர்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: ஓய்வுபெற்ற பொறியாளர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். நூலகத்தில் நடத்தினால், பொது அறிவுக்கு உதவும் என்று நோட்டும் கையுமாக வரும் டி.என்.பி.எஸ்.சி. மாணவர்கள்.

இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எப்போதும் எடுத்துக்கொள்வது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவை. அவருக்குப் புரிந்தால் பொறியாளருக்கும் புரியும், பிள்ளைக்கும் புரியும். பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் (ஸ்லைடில் சமன்பாடு இருக்கலாமா, ஒன்றரை மணி நேரம் பேசலாமா, ஏழரை மணிக்கு ஆரம்பிக்கலாமா) அந்த அம்மாவை நினைத்துக்கொண்டால் பதில் கிடைத்துவிடும்.

3. தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

‘பருவநிலை மாற்றமும் சவால்களும்’ என்பது தலைப்பு. அதற்கு யாரும் பஸ் ஏறி வரமாட்டார்கள். ‘ஊரெல்லாம் ஜூனில் மழை, சென்னைக்கு மட்டும் ஏன் அக்டோபரில்?’ என்பது கேள்வி. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பரில் தண்ணீருக்குள் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நல்ல கேள்விக்கு அடையாளம், வருகிறவர் அதைத் தன் கண்ணால் பார்த்திருப்பார். 2019 ஆகஸ்டில் ஓர் இரவு, திருவான்மியூர் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஊரே செல்போனில் படம் எடுத்தது. நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி பற்றிய உரை என்று அறிவித்தால் பத்துப் பேர் வருவார்கள். ‘அன்றைக்குக் கடல் ஏன் ஒளிர்ந்தது?’ என்று கேட்டால் அரங்கம் நிறையும். இரண்டும் ஒரே உரைதான்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துவிடுங்கள்: இதற்கு அரங்கம் தேவைதானா? பள்ளிக்கரணைப் பறவைகளை ஸ்லைடில் காட்டுவதைவிடக் காலை ஆறரை மணிக்குச் சதுப்பு நிலத்தின் ஓரம் நின்று காட்டுவது மேல். கடலாமை பற்றி என்றால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள். அந்த மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் பொதுமக்களை இரவு நடைக்கு அழைத்துப் போகிறார்கள். உரையைக் கேட்டவர் அடுத்த வாரமே கரையில் நடக்கலாம்.

4. நாள் குறிப்பது

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அந்த நாளில்தான் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1987 முதல் கொண்டாடுகிறோம். புதியவர்கள் எல்லோரும் இந்த நாளைத்தான் பிடிப்பார்கள். பிடிக்காதீர்கள். அன்றைக்கு நகரத்தில் பேசத் தெரிந்த ஒவ்வொரு விஞ்ஞானியும் ஏதோ ஒரு கல்லூரியில் சால்வை வாங்கிக்கொண்டிருப்பார். மாணவர்களோ பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் 22 தேசிய கணித நாளும் அப்படித்தான்; போதாக்குறைக்கு மார்கழி, நல்ல அரங்கம் எதுவும் காலியாக இருக்காது.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை மழை. ஏப்ரல், மே மாதங்களில் பாதிப்பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆக, மிஞ்சுவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையும், ஜனவரியில் பொங்கலுக்குப் பிந்தைய இரண்டு வாரமும். ஆடி மாதம் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். காரணம் ஆறாவது படியில் வரும்.

கிழமையில் சனிக்கிழமை மாலை சிறந்தது. ஞாயிறு மாலை வரும் அம்மா, மறுநாள் டிபன் பாக்ஸை நினைத்துக்கொண்டு ஏழு மணிக்கே எழுந்துவிடுவார்.

பேச்சாளரிடம் போகுமுன் மூன்று தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தேதியோடு போனால், அவர் முடியாது என்று சொன்னதும் ஆளை மாற்றத் தோன்றும். தேதியை மாற்றுவது சுலபம், சரியான ஆளை மாற்றுவதுதான் கஷ்டம்.

5. பேச்சாளரைத் தேடுவதும் கேட்பதும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பெரிய பெயராகத் தேடாதீர்கள். நான் கேட்ட நல்ல உரைகளில் பாதிக்கு மேல் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள் பேசியவை. அவர்களுக்குத் தாங்கள் புரியாமல் தவித்த காலம் இன்னும் மறக்கவில்லை. திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆய்வுக்கு வந்திருப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அவரைப் பிடியுங்கள். பாடப்புத்தகத் தமிழும் தெரியும், ஆய்வகமும் தெரியும்.

ஆய்வு நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் ஆய்வாளர்களின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். மின்னஞ்சலில் இவை கட்டாயம் வேண்டும்: நீங்கள் யார், கேள்வி என்ன, யார் வருவார்கள், எத்தனை பேர், எத்தனை நிமிடம், மூன்று தேதிகள், மொழி, போக்குவரத்துச் செலவு யாருடையது. ‘தங்களுக்கு விருப்பமான தலைப்பில் உரையாற்றலாம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மரியாதை என்று நினைத்துத்தான் எழுதுவோம். ஆனால் வேலைப்பளுவில் இருப்பவர் போன மாதம் ஏதோ மாநாட்டில் காட்டிய ஸ்லைடுகளையே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கேள்வியை நாம் கொடுத்தால் அதற்குப் பதில் தயாரிப்பார்.

ஒரு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். அரசு நிறுவனங்களில் இருக்கும் சிலர் வெளியில் பேச மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முறையான அழைப்புக் கடிதம் கேட்பார்கள். தாமதிக்காமல் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

தமிழில் பேசத் தயங்குபவர்கள் உண்டு. ‘எனக்குக் கலைச்சொல்லெல்லாம் தெரியாதே’ என்பார்கள். வீட்டில் பேசுவதுபோல் பேசுங்கள், எலக்ட்ரானை எலக்ட்ரான் என்றே சொல்லுங்கள், வாக்கியம் மட்டும் தமிழில் இருந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அந்த உறுதிமொழி போதும்.

பணம்: சம்பாவனை தர முடிந்தால் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள், முடியாவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஆட்டோ அல்லது கார் செலவை மட்டும் ஒருபோதும் அவர் தலையில் கட்டாதீர்கள். ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை அதற்கானதல்ல.

6. இடம்: கூட்டம் நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

பேச்சாளரும் தேதியும் உறுதியான பிறகே அரங்கத்துக்கு முன்பணம் கொடுங்கள். நூலகக் கூட்ட அறை, பள்ளி அரங்கம், அடுக்குமாடிச் சங்கத்தின் ஹால், மாநகராட்சியின் சமூக நலக் கூடம், அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம் என்று வாய்ப்புகள் உண்டு. நூறு பேருக்கு முந்நூறு பேர் அரங்கம் எடுக்காதீர்கள். எண்பது பேர் வந்தாலும் காலியாகத் தெரியும், பேச்சாளருக்கு முகம் சுருங்கும்.

போய்ப் பார்ப்பது சனிக்கிழமை மாலை ஆறு மணியாக இருக்கட்டும். இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். காலை பதினொரு மணிக்குப் பார்த்த ஹால் அமைதியாக இருந்தது. கூட்டத்தன்று ஆடி இரண்டாம் சனி. பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூம்பு ஒலிபெருக்கி. கருந்துளையைப் பற்றிப் பேசியவர் ஒவ்வொரு பாட்டு முடியும்வரை காத்திருந்து காத்திருந்து பேசினார். அன்றைக்குக் கூட்டத்துக்குக் கருந்துளையின் விளிம்பான நிகழ்வெல்லை புரிந்ததோ இல்லையோ, எல்.ஆர். ஈஸ்வரி குரல் நன்றாகக் கேட்டது.

போகும்போது பார்க்க வேண்டியவை:

மாலை வெயில் எந்த ஜன்னல் வழியாகத் திரையில் விழுகிறது? மேற்குப் பார்த்த ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லை என்றால் ஆறரை மணி வரை ஸ்லைடு தெரியாது.

விளக்கு ஸ்விட்ச் எங்கே? திரைக்கு மேலே உள்ள விளக்கை மட்டும் தனியாக அணைக்க முடிய வேண்டும். மொத்த அரங்கத்தையும் இருட்டாக்கினால் பின்வரிசை தூங்கிவிடும்.

புரொஜெக்டர் இருக்கிறது என்று சொன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘இருக்கு சார்’ என்பதற்கும் எரிகிறது என்பதற்கும் இடையே தூரம் அதிகம்.

மின்தடை வந்தால் ஜெனரேட்டர் உண்டா? அது புரொஜெக்டருக்கும் மைக்குக்கும் சேர்த்தா, மின்விசிறிக்கு மட்டுமா?

கழிப்பறையின் நிலை, குடிநீர், படியேற முடியாதவர்கள் வர வழி. அப்புறம் பேருந்து நிறுத்தமும் ரயில் நிலையமும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றனவா என்று உண்மையிலேயே நடந்து பாருங்கள்.

வாடகை பேசும்போது நேரம் எதிலிருந்து எதுவரை என்று எழுதி வாங்குங்கள். ஆறிலிருந்து எட்டு வரை என்று எடுத்தால், அவர்கள் கதவு திறப்பதே ஆறு மணிக்குத்தான். நாற்காலி போடவும் மைக் பார்க்கவும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக உள்ளே போக வேண்டும். துப்புரவுக் கட்டணம் தனியா என்றும் கேட்டுவிடுங்கள்.

7. பேச்சாளரோடு இரண்டு முறை பேசுங்கள்

முதல் பேச்சு மூன்று வாரம் முன்பு, அரை மணி நேரம், போனில் போதும். அவர் சொல்லப்போவதைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அந்த ஒன்பதாம் வகுப்பு அம்மாவாக உட்கார்ந்து கேளுங்கள். புரியாத இடத்தில் ‘புரியலையே’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். உங்கள் வேலையே அதுதான். ‘அது பெரிய விஷயமில்லை, உரையில் சரியாகிவிடும்’ என்று விட்டால் உரையில் சரியாகாது.

நாற்பது நிமிடம் என்று அழுத்திச் சொல்லுங்கள். நாற்பது என்றால் ஐம்பது பேசுவார்கள், அறுபது என்றால் எண்பது. நாற்பதுக்குள் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்ல முடியாது. எந்த மூன்று என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பேச்சு ஒரு வாரம் முன்பு, ஸ்லைடுகளோடு. இங்கே தவறாமல் வரும் சிக்கல் தமிழ் எழுத்து. அவருடைய லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த தமிழ், அரங்கத்துக் கணினியில் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ வரும். பழைய ‘பாமினி’ போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால் நிச்சயம் வரும். எல்லாவற்றையும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், கூடவே பி.டி.எஃப். ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பி.டி.எஃப்.-இல் எழுத்து உடையாது. வீடியோவைத் தனிக் கோப்பாகப் பென் டிரைவில் கேளுங்கள். இணையத்திலிருந்து ஓடவிடலாம் என்று நம்பினால் அரங்கத்தில் சிக்னல் இருக்காது.

கலைச்சொல்லுக்கு நாங்கள் வைத்திருக்கும் வழி: ஊரில் புழங்கும் சொல் இருந்தால் அது, இல்லாவிட்டால் பாடப்புத்தகச் சொல், அதுவும் நாக்கில் ஏறாவிட்டால் ஆங்கிலச் சொல்லே தமிழ் எழுத்தில். மரபணு, ஈர்ப்பு விசை, கருந்துளை எல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ‘குவாண்டம்’ குவாண்டமாகவே இருக்கட்டும். ஓர் உரையில் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பதுதான் முக்கியம். முதல் ஸ்லைடில் ‘உயிரணு’, மூன்றாவதில் ‘செல்’, ஏழாவதில் ‘கலம்’ என்று வந்தால் மூன்றும் வேறு வேறு என்று நினைத்துவிடுவார்கள்.

கடைசியாக, வரக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டில் இயற்பியல் பற்றி எதைப் பேசினாலும் கூடங்குளமும் தேனி நியூட்ரினோ திட்டமும் கேள்வி நேரத்தில் வரும். அவர் பேசப்போவது நட்சத்திரம் பற்றியாக இருக்கலாம், ஆனாலும் வரும். கேட்பதில் தவறில்லை, மக்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. ‘என் துறை அதுவல்ல, ஆனால் எனக்குத் தெரிந்த வரை…’ என்று தொடங்கும் ஒரு பதிலை அவர் யோசித்து வைத்திருந்தால் மேடையில் திணற மாட்டார்.

8. அறிவிப்பு

இரண்டு வாரம் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று, அன்று காலை ஒன்று. ஒரு மாதம் முன்பே போட்டால் மறந்துவிடுவார்கள்.

போஸ்டரில் கேள்வி பெரிதாக, பேச்சாளர் பெயர் அடுத்து, பிறகு நாள், கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பக்கத்துப் பேருந்து நிறுத்தம். ‘எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குப் புரியும்’ என்றும் ‘அனுமதி இலவசம், முன்பதிவு தேவையில்லை’ என்றும் ஒரு வரி. முடியும் நேரத்தைப் போடுபவர்கள் குறைவு. பிள்ளையோடு வரும் பெண்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஏழு பெயர் போட்டால் கேள்வி மூலையில் ஒடுங்கிவிடும். ஏழு பேரும் மேடையில் பேசவும் ஆசைப்படுவார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும்போது படத்தை மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள். எழுத்தைத் தேடி எடுக்கலாம், படத்தைத் தேட முடியாது. பக்கத்து அரசுப் பள்ளிக்கு நேரிலேயே போய் அறிவியல் ஆசிரியரைப் பாருங்கள். ஓர் ஆசிரியர் மனது வைத்தால் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். எந்த ஃபார்வர்டும் அதைச் செய்யாது.

9. கூட்டத்தன்று

மாலை ஆறு மணிக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

நாலரைக்கு நீங்களும் மைக்செட்காரரும் உள்ளே. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்து பாருங்கள். ஊளையிட்டால் ஒலிபெருக்கியை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். பேச்சாளருக்குக் காலர் மைக் இருந்தால் நல்லது, திரையைப் பார்த்துத் திரும்பினாலும் குரல் போகாது. கேள்வி கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு கார்ட்லெஸ் மைக். புது பேட்டரி கையில்.

ஐந்து மணிக்குப் பேச்சாளர். அவருடைய லேப்டாப்பை இணைத்து முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் இடையில் வேண்டிய இணைப்பியை அவர் கொண்டுவருவார் என்று நம்பாதீர்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள், பழைய வி.ஜி.ஏ. கேபிள், இரண்டுக்கும் மாற்றி, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் உங்கள் பையில் நிரந்தரமாக இருக்கட்டும்.

ஐந்தேமுக்காலுக்குப் பின்வரிசை நாற்காலிகளை மடித்து வையுங்கள். நம் ஆட்கள் வந்ததும் பின்னால்தான் போவார்கள். இல்லாத நாற்காலியில் உட்கார முடியாதில்லையா. முன்னால் நிரம்பிய பிறகு பிரித்துப் போடலாம்.

ஆறு மணிக்கு இருபது பேர்தான் இருப்பார்கள். பதறாதீர்கள். ஆறு பத்துக்குத் தொடங்குங்கள், ஆறரை வரை காத்திருக்காதீர்கள். நேரத்துக்கு வந்தவரைத் தண்டித்தால் அடுத்த கூட்டத்துக்கு அவரும் தாமதமாகத்தான் வருவார்.

வரவேற்பு மூன்று நிமிடம். பேச்சாளரின் பட்டங்களையும் கட்டுரைகளையும் பட்டியல் போட வேண்டாம். இந்தக் கேள்விக்குள் அவர் எப்படி வந்தார் என்று இரண்டு வாக்கியம் போதும். சால்வை வேண்டாம் என்று எங்கள் குழு முடிவு செய்தபோது மனவருத்தம் வந்தது. கடைசியில் சால்வையைக் கூட்டம் முடிந்தபின் போடுவது என்று சமாதானமானோம்.

10. கேள்வி நேரம்

உரை சுமாராக இருந்தும் கேள்வி நேரத்தால் பிழைத்த கூட்டங்கள் உண்டு. உரை பிரமாதமாக இருந்தும் கேள்வி நேரத்தில் செத்த கூட்டங்களும் உண்டு. அதற்கு அரை மணி நேரம் முழுதாக ஒதுக்குங்கள்.

வாசலிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டும் நாலைந்து பேருக்கு ஒரு பேனாவும் கொடுங்கள். மைக்கைப் பிடித்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்தான் பெரும்பான்மை, அதிலும் பெண்களும் பிள்ளைகளும். எழுதச் சொன்னால் எழுதுவார்கள். உரை முடிந்ததும் ஐந்து நிமிடம் விட்டுச் சீட்டுகளை வாங்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பேச்சாளர் தண்ணீர் குடிப்பார்.

முதல் கேள்வி ஒரு பிள்ளையுடையதாக இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கனமாக ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. பிள்ளை ஆரம்பித்தால் பெரியவர்களும் எளிமையாகக் கேட்பார்கள்.

மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். உங்கள் தன்னார்வலர் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். மைக் கைமாறினால் கேள்வி சொற்பொழிவாகிவிடும். ‘நான் நாற்பது வருஷமா இதை ஆராய்ச்சி பண்ணிட்டு வரேன்’ என்று ஒருவர் எழுந்தால் ஐன்ஸ்டைன் தவறு என்பதில் போய் முடியும். அவரை அவமானப்படுத்த வேண்டாம். ‘ஐயா, இதைக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம்’ என்று சொல்லி, முடிந்ததும் நிஜமாகவே ஒருவர் அவரோடு உட்கார வேண்டும். சொல்லிவிட்டு நழுவினால் அடுத்த முறை அவர் நிறுத்தவே மாட்டார்.

‘இதெல்லாம் நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்களே’ என்பதும் வரும். எங்கள் பேச்சாளர் ஒருவர் அழகாகச் சமாளித்தார்: எந்தப் பாடலில், எந்த வரியில் என்று பொறுமையாகக் கேட்டார். கேள்வி கேட்டவர் வரியைச் சொன்னார். இருவரும் சேர்ந்து பொருள் பார்த்தார்கள். வரி வேறெதையோ சொன்னது. யாருக்கும் மனம் புண்படவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்படி பேச்சாளருக்கு முன்பே தைரியம் கொடுங்கள். விஞ்ஞானி ஒருவர் மேடையில் ‘எனக்குத் தெரியலை’ என்று சொன்னதை ஒரு மாதம் கழித்தும் நினைவு வைத்திருந்து ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். உரையில் வேறு எதுவும் அவளுக்கு நினைவில்லை.

11. மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைப்பதாக இருந்தால்

வானியல் உரை என்றால் முடிந்ததும் மாடிக்கு ஏற்றிவிடலாம். ஆனால் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறியுங்கள். வேடிக்கையில்லை, தினசரி காலண்டர் போதும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் வையுங்கள். அப்போது மாலையிலேயே நிலா உயரத்தில் இருக்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து துல்லியமாகத் தெரியும். பௌர்ணமி நிலாவில் நிழலே இல்லை, வெறும் வெள்ளைத் தட்டு, கண்ணும் கூசும். புதியவர்கள் பௌர்ணமியைத்தான் குறிப்பார்கள்.

ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் நூறு பேருக்கு நூறு நிமிடம். ஒரு டெலஸ்கோப் போதாது. தானாகத் தொடராத டெலஸ்கோப்பில், பூமி சுழல்வதால் நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். மூன்று பேருக்கு ஒருமுறை சரிசெய்ய ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூல். பச்சை லேசர் வைத்து வானத்தைக் காட்டாதீர்கள், நம் தலைக்கு மேல் விமானம் இறங்குகிற ஊர் இது. கடற்கரையிலோ பூங்காவிலோ வைப்பதாக இருந்தால் மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

டெலஸ்கோப்பே இல்லாமலும் ஒன்று செய்யலாம். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழல் விழாது. ஏப்ரலில் அது பன்னிரண்டு மணி ஏழு நிமிடம் போல. ஒரு தண்ணீர் டம்ளரும் சமமான தரையும் போதும். ஆகஸ்டில் பள்ளி இருக்கும் என்பதால் அதுதான் வசதி, மேகம் மட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

12. முடிந்த பிறகு

அன்றிரவே பேச்சாளருக்கு நன்றி எழுதுங்கள். அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேளுங்கள், ஆட்டோ பணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வீடியோ எடுத்திருந்தால் அவரிடம் காட்டிவிட்டுப் பிறகு வெளியிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவில் போட்டுவிடுங்கள், அடுத்த முறை பணம் கேட்கும்போது முகம் கொடுத்துப் பேசலாம்.

சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மேடையில் பத்துக் கேள்விக்குத்தான் நேரம் இருக்கும், கையில் நாற்பது சேர்ந்திருக்கும். மீதியைத் தட்டச்சு செய்து பேச்சாளருக்கு அனுப்புங்கள். முடிந்ததற்கு அவர் இரண்டிரண்டு வரியில் பதில் எழுதினால் எல்லோருக்கும் அனுப்பலாம். அவர் துறைக்கு வெளியே விழுந்த சீட்டுகளைத் தனி உறையில் வையுங்கள். மழை பற்றிய கூட்டத்தில் ஒரு சீட்டு வந்தது, பென்சிலில், பெயரில்லாமல்: ‘மெரினாவில் காலையில் காற்று இல்லை, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வருது. ஏன்?’ மூன்றாவது படிக்கு நாங்கள் திரும்பப் போகவே வேண்டியிருக்கவில்லை. அதை அப்படியே படமெடுத்து, கடற்காற்றில் ஆய்வு செய்யும் ஒருவருக்கு மூன்று தேதிகளோடு அனுப்பினோம்.